இரண்டு ரீல்களும் நான்கு பனைமரங்களும்

மணி ஐந்து. ஐந்து நாற்பதுக்குக் கம்பெனி பஸ் மாதனூருக்கு வந்துவிடும்.

அதற்குள் பாரதியும் அவள் அண்ணன் சூரியபிரகாஷும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஏரிக்கரையில், அவர்கள் காலடியில், இரண்டு தூண்டில் கோல்கள் கிடந்தன. ஒவ்வொரு கோலிலும் ஒரு ரீல். இரண்டில் ஒன்றுதான் நாளைக்கு அவர்களோடு கடலுக்கு வரும்.

கோல்கள் குர்ஷித் பாயுடையவை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பாவோடு தோல் வெட்டுகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்துப் பாலாற்று முகத்துவாரத்துக்குப் போய்விடுவார். மாதனூரைத் தாண்டிப் போகிற இதே பாலாறு கடலில் சேருகிற இடம் அது. அங்கே உப்புத் தண்ணீரில் கொடுவா மீன் இருக்கும். கொடுவாவுக்குப் புழு வைக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கில் செய்த பொய் மீனைத் தூர வீசிச் சுற்றி இழுத்தால், நிஜ மீன் என்று நம்பிப் பாய்ந்து கவ்வும். பொய் மீனுக்கு லூர் என்று பெயர்.

நாளைக்கு அப்பாவும் பிள்ளைகளும் அவரோடு போகிறார்கள். முதல் முறை.

"ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு வேலூர்ல என் தோஸ்துக்கு. வீசிப் பாத்துட்டு எதுன்னு சொல்லுங்க. சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரா ஏரிக்கு வர்றேன்" என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். யார் மேலும் குத்திவிடக் கூடாது என்று லூர்களில் இருந்த முட்களை முன்பே கழற்றிவிட்டிருந்தார். நூல் வெட்ட ஒரு நகவெட்டியும் கொடுத்திருந்தார்.

ஒன்று ஸ்பின்னிங் ரீல். கோலுக்கு அடியில் தொங்கும். வீசும்போது அதன் உருளை அசையாது. நூல் மட்டும் வளையம் வளையமாகக் கழன்று போகும். நூல் தலைமுடி கனம்தான்.

மற்றது பெய்ட்காஸ்டிங் ரீல். கோலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். கறுப்பாக, காரின் பாகம் மாதிரி பளபளப்பாக இருந்தது. வீசும்போது அதன் உருளையே சுழலும். கட்டைவிரலை மேலே வைத்து அடக்க வேண்டும். நூல் நல்ல தடிமன்.

அண்ணன் சூர்யாவுக்குக் கறுப்பு ரீல்தான் வேண்டும். கொடுவா பெரிய மீன், தடித்த நூல் இல்லாமல் எப்படி என்பது அவன் கட்சி.

பாரதிக்கு மற்றது போதும். அவள் அதை வேறு விதமாகப் புரிந்துவைத்திருந்தாள். அம்மா மேகலா வீட்டிலேயே மிஷின் போட்டு ஷூவின் மேல்தோல் தைப்பவள். மிஷின் மேலே நிற்கும் நூல்கண்டு அசையாது. நூல் தன்னால் கழன்று வரும். பாபின் அப்படியில்லை, அது சுழலும். ஸ்பின்னிங் ரீல் என்பது நூல்கண்டு, கறுப்பு ரீல் என்பது பாபின் என்றாள் பாரதி.

"நாம மீன் புடிக்கப் போறமா, ஷூ தைக்கப் போறமா?" என்றான் சூர்யா.

இன்று காலைகூட அம்மா நூல்கண்டு மாற்றுவதைப் பாரதி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா புது நூலை மிஷினின் ஓட்டைகளில் ஒவ்வொன்றாகக் கோக்கவில்லை. பழைய நூலை அறுத்து, அதன் வாலில் புது நூலை முடிந்தாள். ஊசிப் பக்கமிருந்து பழைய நூலை இழுத்தாள். அது முன்னால் போக, புது நூல் பின்னாலேயே எல்லா ஓட்டைகளையும் தாண்டி வந்துவிட்டது.

சூர்யா கறுப்பு ரீலை எடுத்து வீசினான். நன்றாகப் போனது. இரண்டாவது முறை இன்னும் பலமாக வீசினான்.

விரல் தப்பியது. லூர் போகிற வேகத்தைவிட உருளை வேகமாகச் சுழன்றது. நூல் பொங்கி எழுந்து சிக்கிக்கொண்டது. பட்டென்று அறுந்தது. சிவப்புத் தலையும் வெள்ளை உடம்புமான லூர் மட்டும் தனியே பறந்து, தண்ணீருக்குள் நின்ற பட்ட வேலிகாத்தான் மரத்தின் கிளையில் போய்ச் செருகிக்கொண்டது. கரையிலிருந்து ஒரு பஸ் நீளம் இருக்கும்.

ரீலில் மிச்சமிருந்ததை சூர்யா பார்த்தான்.

"இடியாப்பம்" என்றாள் பாரதி.

சிரித்தது அவர்கள் இருவர் மட்டுமல்ல. பூவரசனும் சிரித்தான். அவன் பக்கத்து வீட்டுப் பையன், இரண்டாம் வகுப்பு. கரையோரம் தன் கப்பலில் உட்கார்ந்திருந்தான். கப்பல் என்பது கம்பெனி பேக்கிங்கில் வந்த இரண்டு பெரிய தெர்மாகோல் பலகைகள். மஞ்சள் பிளாஸ்டிக் பட்டையால் வரிந்து கட்டியது. எப்போதும் ஒரு கயிற்றால் கரையில் உள்ள கட்டையில் பிணைத்திருப்பான். முழங்கால் தண்ணீரைத் தாண்டிப் போனதில்லை.

மதியத்திலிருந்து அவன் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு தடவை வீசக் கொடு.

பாரதி சிக்கலைப் பிரிக்க உட்கார்ந்தாள். அம்மாவுக்குப் பிரித்துக் கொடுத்துப் பழக்கம். இழுக்கக் கூடாது; தளர்த்த வேண்டும். சூர்யா, குர்ஷித் பாய் விட்டுப்போன லூர் பெட்டியிலிருந்து நீல லூரை எடுத்துத் துடைத்தான்.

"அக்கா, ஒரே ஒரு தடவ."

"இருடா."

"அக்கா."

"போய் அந்த மீனை எடுத்துட்டு வா, குடுக்கறேன்" என்றாள் பாரதி. தலை நிமிரவில்லை. ஐந்து நிமிடம் சும்மா இருப்பான் என்று சொன்னது.

ஐந்து நிமிடம் அவன் சும்மாதான் இருந்தான். சத்தமே இல்லை.

சிக்கல் பிரிந்தது. நூலைத் திரும்பச் சுற்றிவிட்டுப் பாரதி நிமிர்ந்தாள். கட்டையில் கயிறு இல்லை.

பூவரசன் வேலிகாத்தான் மரத்தருகே இருந்தான். கையாலேயே துழாவிப் போயிருக்கிறான். கிளையிலிருந்து எதையோ பறித்தான். பிறகு திரும்புவதற்காக மரத்தைக் காலால் உதைத்தான்.

கப்பல் கரைப் பக்கம் வரவில்லை. காற்று அதைப் பிடித்துக்கொண்டது.

மழைக்கு முன்னால் வருகிற காற்று. ஏரி நிரம்பி மூன்று நாளாகக் கோடி போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம் கரை முடிகிற இடத்தில்தான் கோடி. கூடுதல் தண்ணீர் ஒரு சுவரைத் தாண்டி வழிந்து, அந்தப் பக்கம் இரண்டு ஆள் ஆழத்தில் பாறைமேல் விழும். காற்றும் தண்ணீரும் ஒரே திசையில் போயின.

கரைமேல் நான்கு பனைமரங்கள் இருந்தன. நான்காவது பனைக்கு அப்புறம் கோடி.

கப்பல் முதல் பனைக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா" என்றான் பூவரசன். அழவில்லை. சந்தேகம் கேட்பதுபோல் இருந்தது.

சூர்யா சட்டையைக் கழற்றினான். பாரதி அவன் கையைப் பிடித்தாள். தண்ணீருக்குள் வேலிகாத்தான் முள். அவன் நீச்சல் கற்றது கிணற்றில், அதுவும் சுவரைத் தொட்டுத் தொட்டு.

"நீயும் போய்ட்டா நான் இன்னா பண்றது?" என்றாள்.

அவன் ஊர்ப்பக்கம் திரும்பிக் கத்தினான். கோடியின் இரைச்சல் அவன் குரலை விழுங்கியது. யாரும் வரவில்லை. ஊர் கரைக்குப் பின்னால் வெகு கீழே இருந்தது. ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவதற்குள் நான்கு பனையும் தாண்டிவிடும்.

பாரதி தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள்.

"பூவரசு, படுத்துக்கோ. எழுந்து நிக்காதே. குப்புறப் படு."

அவன் படுத்தான்.

இருவரும் கோல்களைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஓடினார்கள். கப்பலைத் தாண்டி, மூன்றாவது பனைக்கு அருகில் நின்றார்கள். கரை வில்போல் வளைந்திருந்ததால் அங்கிருந்து பூவரசன் இன்னும் தூரத்தில் தெரிந்தான். இரண்டு பஸ் நீளம். அவனைப் பார்த்துத் திரும்பினால் காற்று இடப்பக்கத்திலிருந்து சாய்வாக முகத்தில் அடித்தது.

"என்னுதுதான் தாங்கும்" என்றான் சூர்யா. நீல லூரைக் கறுப்பு ரீலின் நூலில், திறந்து மூடுகிற சின்னக் கொக்கி போட்டு மாட்டினான். முழுப் பலத்தோடு வீசினான்.

லூர் கனம் கம்மி. எதிர்காற்று அதை நடுவானத்திலேயே நிறுத்தியது. உருளைக்கு அது தெரியாது. அது சுழன்றுகொண்டே இருந்தது.

லூர் அவர்கள் காலடியிலிருந்து பத்தடியில் விழுந்தது. ரீலில் மறுபடி இடியாப்பம்.

கப்பல் இரண்டாவது பனையைத் தொட்டது.

சூர்யா சிக்கலைப் பிடித்து இழுத்தான். அது இறுகியது. இழுக்காதே என்றாள் பாரதி. அவள் கையில் ஸ்பின்னிங் ரீல் இருந்தது. கம்பி வளையத்தைத் திறந்து, நூலை ஆள்காட்டி விரலில் பிடித்து, வீசினாள்.

அதன் நூல் நுனியிலிருந்த பச்சை லூர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. சிக்கவில்லை. ஆனால் காற்று அதை வலப்பக்கம் தள்ளிவிட்டது. பூவரசனுக்கு அப்பால் எங்கோ விழுந்தது.

அவள் சுற்றினாள். அவ்வளவு வேகமாக அவள் எதையும் சுற்றியதில்லை.

இந்த முறை அவள் பூவரசனைக் குறிவைக்கவில்லை. அவனுக்கு இடப்பக்கம், வெறும் தண்ணீரை நோக்கி வீசினாள். சூர்யா ஐயோ என்றான். காற்று நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் கொண்டுவந்து, பூவரசனின் முதுகின்மேல் போட்டது.

"முதுகுல நூல் இருக்கு. புடி."

அவன் ஒரு கையால் தடவிப் பிடித்தான். இன்னொரு கை மூடியே இருந்தது.

"இழு" என்றான் சூர்யா. "பாரதி, இழு."

அவள் கைப்பிடியைச் சுற்றினாள். ரீல் க்ர்ர் என்று உறுமியது. நூல் உள்ளே வரவில்லை, வெளியே போனது. பூவரசன் முதல் முறையாக அழுதான். மெல்லிய நூல் அவன் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

பாரதி நிறுத்தினாள்.

ஒரு ஆளையும் கப்பலையும் இந்தத் தண்ணீரில் இந்த நூல் இழுக்காது. அறுந்துவிடும். அறுந்தால் மறுபடி லூர் கட்டி வீச நேரம் இல்லை. தடித்த நூல் இழுக்கும்; ஆனால் அது அங்கே போகாது. அங்கே போகிற நூல் இழுக்காது.

கப்பல் மூன்றாவது பனைக்கு, அவர்களுக்கு நேரே வந்துவிட்டது.

அம்மாவின் கை அவள் நினைவுக்கு வந்தது. பழைய நூலின் வாலில் புது நூல்.

"அண்ணா, உன் நூலைக் குடு."

"சிக்கிக் கெடக்குதே."

"அறுத்துடு. அடியில நல்லா இருக்கும்."

அவன் புரியாமலே நகவெட்டியால் அறுத்தான். இடியாப்பத்தைப் பிடுங்கி எறிந்தான். அடியில் நூல் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. பத்தடியில் விழுந்த நீல லூரை பாரதி நூலோடு கையால் இழுத்து, அதிலிருந்த கொக்கியைக் கழற்றினாள். கொக்கியைத் தடித்த நூலின் நுனியில் கட்டினாள். பிறகு தன் ரீலிலிருந்து கொஞ்சம் நூலைத் தளர்த்தி வெட்டினாள்.

இப்போது பூவரசன் பிடித்திருந்த நூலின் மறுமுனை எதிலும் இல்லை, அவள் விரல்களில் மட்டும் இருந்தது. காற்று அதைக் கேட்டது. அவள் விடவில்லை. கொக்கியின் வளையத்தில் கோத்து, அம்மா போடும் முடிச்சைப் போட்டாள். பல்லால் கடித்து இறுக்கினாள்.

"பூவரசு, காத்தாடி நூலை இழுப்பியே, அப்படி இழு. மெதுவா. வந்துகினே இருக்கும்."

அவன் ஒரு கையால் இழுத்துப் பார்த்தான்.

"ரெண்டு கையாலயும்."

அவன் மூடியிருந்த கையைப் பார்த்தான். யோசித்தான். யோசிக்க அதுவா நேரம் என்று சூர்யா முனகினான். பூவரசன் கையில் இருந்ததை டிரவுசர் பாக்கெட்டில் திணித்தான். பிறகு இரண்டு கையாலும் இழுக்க ஆரம்பித்தான்.

மெல்லிய நூல் போனது. அதன் பின்னால் கொக்கி. அதன் பின்னால் தடித்த நூல். கறுப்பு ரீலின் உருளை சுழன்றது.

"கட்டைவிரலைச் சும்மா மேல வச்சுக்கோ" என்றாள் பாரதி. "அமுக்காதே. விட்டுடவும் செய்யாதே."

சூர்யா வைத்துக்கொண்டான். அன்று இரண்டு முறை அவன் விரல் தப்பியிருந்தது. இப்போது தப்பவில்லை.

கப்பல் நான்காவது பனையைத் தொட்டது. கோடியின் சுவரைத் தாண்டி வழியும் தண்ணீர் கண்ணாடிபோல் வளைந்து இறங்குவது தெரிந்தது. பூவரசன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"என்னைப் பாரு" என்றாள் பாரதி. "கொக்கி வந்துச்சா?"

வந்துவிட்டது. அவன் தூக்கிக் காட்டினான்.

"ஐடி கார்டு கொக்கி மாதிரிதான். மஞ்சப் பட்டையில மாட்டு."

அவன் மாட்டினான். வழுக்கியது. பள்ளியில் பிரேயருக்கு மணி அடித்தபிறகும் ஐடி கார்டோடு மல்லுக்கட்டுகிறவன் அவன். பாரதிக்கு அது தெரியும். அவசரப்படுத்தினால் அவனுக்கு வரவே வராது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். சூர்யா வாயைத் திறந்தான். அவள் அவன் காலை மிதித்தாள்.

பூவரசன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு மறுபடி மாட்டினான்.

"ஆச்சு" என்றான்.

சூர்யா கைப்பிடியைத் திருப்பினான். உருளை பூட்டிக்கொண்டது. நூல் தண்ணீரிலிருந்து எழுந்து, சொட்டு உதிர்த்து, நேராக நின்றது. கோல் வளைந்தது. அவன் முன்னால் இழுபட்டான். பாரதி ஓடிப்போய்ப் பின்னாலிருந்து கோலைப் பிடித்தாள்.

கப்பல் நின்றது.

கோடிக்கும் அதற்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி நிற்கலாம். அவ்வளவுதான் இடைவெளி.

"நட" என்றாள் பாரதி. "திரும்பி நட. சுத்தாதே."

இருவரும் கோலைப் பிடித்தபடி கோடிக்கு எதிர்த்திசையில் கரைமேல் நடந்தார்கள். ஒரு அடி. இன்னொரு அடி. நூல் பாடியது. கப்பல் மெல்லத் திரும்பியது. முளையில் கட்டிய ஆடு சுற்றி வருவதுபோல் வளைந்து கரைப் பக்கம் வந்தது. நான்காவது பனை. மூன்றாவது பனை. நாணல் தெரிந்தது.

சூர்யா கோலை அவளிடம் விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மஞ்சள் பட்டையைப் பிடித்தான். முள் அவன் காலைக் கிழித்தது. அவன் விடவில்லை.

பூவரசனைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பூவரசனின் பற்கள் டகடகவென்று அடித்தன. பாரதி அண்ணனின் சட்டையை எடுத்து அவனுக்குப் போர்த்தினாள். அவள் கோலைக் கீழே வைக்க முயன்றாள். விரல்கள் விரியவில்லை. சூர்யாதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

பிறகு பஸ் ஹாரன் கேட்டது. ஐந்து நாற்பது.

அப்பாவும் குர்ஷித் பாயும் கையில் டிபன் பாக்ஸோடு கரை ஏறி வந்தார்கள். ஈரமான பையனைப் பார்த்தார்கள். சூர்யாவின் காலில் ரத்தத்தைப் பார்த்தார்கள். கோடியின் பக்கம் பார்த்தார்கள். அப்பாவின் நடை ஓட்டமானது.

சூர்யா சொல்ல ஆரம்பித்தான். நூல் அறுந்தது, லூர் மரத்தில் மாட்டியது, பையன் போனான்.

"நான்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன்" என்றாள் பாரதி. "பாக்காம சொல்லிட்டேன்."

அப்பா திட்டவில்லை. பூவரசனின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், ஊதினார். இவங்க அம்மாகிட்ட நீயே வந்து சொல்லணும் என்றார். பாரதி தலையாட்டினாள். அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

குர்ஷித் பாய் கோல்களருகே குந்தினார். ஸ்பின்னிங் ரீலில் பாதி நூல் இல்லை. கறுப்பு ரீலின் நூல் புல்மேல் நீளமாகக் கிடந்தது. அதன் நுனியில் கொக்கி, கொக்கியில் தலைமுடி கனத்தில் இன்னொரு நூல். நடுவில் இருந்த முடிச்சை விரலால் தடவினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"தையல் மிஷின் முடிச்சு" என்றார் மெதுவாக.

பெரியவர்கள் கேட்க நினைத்ததெல்லாம் நிறைய இருந்திருக்கும். அவர் எழுந்து, காலையில் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தார். வேலூர் தோஸ்துக்கு எதைக் கொடுப்பது, இவர்களுக்கு எதை வைப்பது?

பாரதி சூர்யாவைப் பார்த்தாள். அவன் கறுப்பு ரீலை அவள் பக்கம் நகர்த்தியிருந்தான். அவள் ஸ்பின்னிங் ரீலை அவன் பக்கம் நகர்த்தியிருந்தாள்.

போர்த்திய சட்டைக்குள் ஏதோ அசைந்தது. பூவரசன் டிரவுசர் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, சிரமப்பட்டு, எதையோ வெளியே எடுத்தான். சிவப்புத் தலை. வெள்ளை உடம்பு. ஒரு கீறல்கூட இல்லை.

அதைப் பாரதியின் மடியில் வைத்தான்.

"அக்கா, மீனைக் கொண்டாந்துட்டேன். இப்ப சொல்லு, எந்த ரீல்ல நான் வீசணும்?"